குஸ்கோ நகரத்துக் கொசுறு

சாமானை வாங்கிக் காசையும் கொடுத்த பிறகு, "கொசுறு எங்கே?" என்று கை நீட்டும் வழக்கம் நம்மவர்க்கே உரிய தனிச் சொத்து என்று நாம் வெகு காலம் எண்ணியிருந்தோம். பெரு தேசத்தின் மலை நகரமாகிய குஸ்கோவுக்குச் சென்று வந்த பிறகு அந்தக் கர்வம் போயிற்று. அங்கே கொசுறுக்கு ‘யாபா’ என்று பெயர். அது மலைநாட்டு மக்களின் கெச்சுவா மொழிச் சொல். ஸான் பெத்ரோ சந்தையில் பழரசம் விற்கும் பெண்மணி தம்ளரை நிரப்பித் தருகிறாள். நாம் பாதி குடித்ததும் பாத்திரத்தில் மிஞ்சியதையும் சிரித்துக் கொண்டே ஊற்றுகிறாள். அதுதான் யாபா.

குஸ்கோ 11,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். மாச்சு பிச்சுவைக் காணச் செல்லும் யாத்திரிகர்களில் பெரும்பாலோர் இங்கே தங்கியே செல்வதால், ஊர் முழுவதுமே ஒரு கடைவீதியாக இருக்கிறது. கைவினைஞர் வாழும் ஸான் பிளாஸ் பேட்டையில் ஒட்டகச்சிவிங்கியைப் போல் கழுத்து நீண்ட தேவமாதாவையும் புனிதர்களையும் காணலாம். ஹிலாரியோ மெந்தீவில் என்னும் கலைஞர் பிரசித்தப்படுத்திய பாணி அது. வீட்டுக் கூரையின் மேல் ஜோடியாக வைக்கும் புக்காரா மண் காளைகளும், காது மூடிய கம்பளிக் குல்லாய்களும் எங்கும் கிடைக்கும். ஆனால் அந்த மலைநாட்டின் உயிர்த் தொழில் நெசவேயாகும். நாம் ஏமாந்ததும் அதில்தான்.

ஒரு தெரு முனையில் மூதாட்டி ஒருத்தி சில துணிகளை விரித்து உட்கார்ந்திருந்தாள். வாய் நம்மோடு பேசிற்று. கை மட்டும் ஓயாமல் நூற்றுக் கொண்டிருந்தது. அவர்கள் ‘புஷ்கா’ என்று சொல்லும் அந்தக் கருவி நமது தக்களியின் உடன்பிறப்பே. சிவப்பு வரிகள் ஓடிய ஒரு சதுரத் துணிக்கு 120 சோல் கேட்டாள். சோல் என்பது அந்நாட்டு நாணயம். நாம் நமது வித்தையை எல்லாம் காட்டினோம். போவது போல் இரண்டு முறை போனோம். முடிவில் 80 சோலுக்கு வாங்கி, யாபாவாக ஒரு கம்பளிக் கயிற்றையும் கேட்டுப் பெற்றோம்.

அன்று மாலையே மற்றொரு பெரிய கடைக்குள் நுழைந்தோம். கண்ணாடிக் கதவு; பளிச்சென்ற விளக்கு; ‘கைநெசவு, பேபி அல்பாகா’ என்று அச்சிட்ட சீட்டுத் தொங்கிய சால்வை; விலை 180 சோல். அச்சிட்ட விலையைக் கண்டதும் வாயடைத்துப் போவது படித்தவர்களின் சுபாவமன்றோ? பேசாமல் கொடுத்துவிட்டு வந்தோம்.

மறுநாள் பாரம்பரிய நெசவு மையத்துக்குச் சென்றோம். சிஞ்செரோ கிராமத்தில் பிறந்த நில்டா கல்யாஞாவ்பா என்னும் நெசவுப் பெண்மணி 1996-ல் நிறுவிய ஸ்தாபனம் அது. பத்துக் கிராமங்களின் நெசவாளர் அதில் சேர்ந்திருக்கிறார்கள். ஒவ்வொரு துணியிலும் நெய்தவரின் பெயரைக் காணலாம்.

அங்கே ஒரு பெண் தரையில் அமர்ந்து நெய்து கொண்டிருந்தாள். பாவின் ஒரு முனை தூணிலும் மறுமுனை அவள் இடுப்பிலும் கட்டப்பட்டிருந்தன. அவள் முதுகைச் சாய்த்தால் பாவு இறுகும், நிமிர்ந்தால் தளரும். பாவு நூல்களை விரலால் எண்ணியெடுத்து, ஊடையைக் கொடுத்து, லாமாவின் எலும்பினால் ஆன கருவியால் தட்டி இறுக்குகிறாள். பார்த்து நெய்வதற்குக் காகிதமும் இல்லை, படமும் இல்லை. சித்திரம் முழுவதும் மனத்திலேயே இருக்கிறது. அரைமணி நேரம் நின்று பார்த்தோம். துணி ஒரு விரல் அகலங்கூட வளரவில்லை. சிவப்புச் சாயமோ, சப்பாத்திக் கள்ளியில் வாழும் கொச்சினீல் பூச்சியைப் பிடித்து, உலர்த்தி, அரைத்து எடுப்பது.

அறைக்குத் திரும்பி, வாங்கிய இரண்டையும் எடுத்து விரித்தோம். மூதாட்டியின் துணியில் நான்கு பக்கமும் கரை முடிந்திருந்தது. எங்கும் கத்தரி பட்ட அடையாளம் இல்லை. தறியிலேயே முழுமை பெறும் ஆண்டிஸ் மலைத் துணிகளின் லட்சணம் அது. சால்வையின் ஓரமோ வெட்டித் தைத்தது. அதன் குஞ்சத்திலிருந்து ஓர் இழையைப் பிடுங்கித் தீக்குச்சியைக் காட்டினோம். உண்மைக் கம்பளி தலைமயிர் கருகுவது போல் நாறிப் பொடியாக உதிரும். இதுவோ உருகிக் கறுத்து, கடினமான மணியாகத் திரண்டது. ஆலையில் செய்த அக்ரிலிக் நூல்!

‘பேபி அல்பாகா’ என்பது குட்டியின் ரோமம் அன்று. மென்மையின் தரத்தைக் குறிக்கும் வியாபாரப் பெயரே. அதைவிட மெல்லிய விக்குன்யா ரோமம் உலகிலேயே விலையுயர்ந்த ரோமங்களில் ஒன்று. அதைத் தெருவில் மலிவாகத் தருகிறேன் என்பவனிடம் நின்று பேசவும் வேண்டியதில்லை.

பிள்ளைகளுக்குக் கணக்குப் போதிப்பதையே தொழிலாகக் கொண்ட நாம், இந்தக் கணக்கில் அடியோடு தவறினோம். பொய்க்கு முழு விலை கொடுத்தோம். மெய்யிடம் 40 சோல் பிடித்துக் கொண்டோம்!

அந்தத் துணிக்குப் பின்னால் பெரிய சரித்திரமும் இருக்கிறது. இங்கா அரசர்கள் நுண்ணிய துணியைப் பொன்னினும் மேலாக மதித்தார்கள். 1533-ல் ஸ்பானியர் குஸ்கோவுக்குள் புகுந்தார்கள். பின்னர் ‘ஒப்ராஹே’ என்னும் நெசவுக் கொட்டடிகளில் மலைமக்களை அடைத்து வேலை வாங்கினார்கள். 1780-ல் கிளர்ச்சிக் கொடி உயர்த்திய இரண்டாம் துபாக் அமாரு, போமகாஞ்சியிலிருந்த கொட்டடியைத் திறந்து அங்கிருந்த துணிகளை ஜனங்களுக்கு வாரி வழங்கினார். 1781-ம் ஆண்டு மே 18-ம் தேதி குஸ்கோவின் பிரதான சதுக்கத்தில் அவரைக் கொன்றார்கள். அத்துடன் இங்கா காலத்து உடைகளை அணியலாகாது என்றும் தடை விதித்தார்கள். துணியைக் கண்டு சாம்ராஜ்யம் அஞ்சிய கதை கதர் கண்ட நமக்குப் புதிதன்று. அந்தத் தடையையும் தாண்டிப் பிழைத்து வந்த கைகள் அவை. துப்பாக்கியால் அழியாத அத்தொழிலை நமது பேரம் அழித்துவிடலாகாது.

யந்திரத் துணி விற்பவனும் பிழைக்க வேண்டியவனே. குளிருக்கு அதுவும் போதும். அதற்குக் கைநெசவு என்று பெயர் சூட்டுவதுதான் குற்றம். சந்தையில் பேரம் பேசுவதையும் நாம் பாபம் என்று சொல்லவில்லை. ஆனால் விலை கேட்பதற்கு முன், "யார் நெய்தது? எத்தனை நாள் ஆயிற்று?" என்று கேட்பது நல்லது. நெய்தவளுக்கு அதற்கு விடை தெரியும். அந்த விடையைக் கேட்ட பிறகு பேரம் பேச யாருக்கும் நா எழாது.

ஊரைவிட்டுப் புறப்படும் நாளன்று அதே தெரு முனைக்குப் போனோம். மூதாட்டி நூற்றுக் கொண்டிருந்தாள். வேறொரு துணியை எடுத்து, கேட்ட விலையை அப்படியே கொடுத்தோம். அவள் நம்மை ஏற இறங்கப் பார்த்தாள். நமக்கு மலை நோய் தலைக்கேறிவிட்டதென்று பயந்தாளோ என்னவோ! பிறகு சிரித்தாள். பையிலிருந்து ஒரு கம்பளிக் கயிற்றை எடுத்து நமது மணிக்கட்டில் தானே கட்டினாள்.

"யாபா" என்றாள்.

கேட்டு வாங்கிய கயிறு பெட்டியில் எங்கேயோ கிடக்கிறது. கேளாமல் வந்த கயிறு இன்னும் நமது கையில் இருக்கிறது.