பையை யார் பார்த்துக்கொள்வது?



போன மாதம் காலை நிகழ்ச்சியில் ஒரு கேள்வி கேட்டிருந்தேன்: "பள்ளி விடுமுறைக்கு எங்கே போகப் போறீங்க?" அழைப்புகள் கொட்டின. சன்வே லகூன், கெந்திங் மலையில் ஸ்கைவேர்ல்ட்ஸ், ஜொகூரில் லெகோலேண்ட் என்று ஆளாளுக்கு ஒரு பட்டியல். கிள்ளானில் இருந்து ஓர் அம்மா பேசினார். குடும்பத்தோடு லகூன் போகிறார்களாம். "நீங்க எதுலம்மா ஏறப் போறீங்க?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். "நான் எங்க ஏறுறது? நான் பையைப் பாத்துக்குவேன்."

அடுத்த பாட்டைப் போட்டுவிட்டேன். ஆனால் அந்தப் பதில் மட்டும் காதிலேயே நின்றது. எங்கள் வீட்டிலும் ஒருவர் இருபத்தைந்து வருடமாகப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் செந்தூல்காரர்கள். அப்பாவுக்கு ரயில்வே பட்டறையில் வேலை. எனக்குப் பத்து வயது இருக்கும்போது, போனஸ் வந்த மாதம், முதல்முறையாக லகூன் போனோம். அப்போதெல்லாம் செந்தூலில் ஏறினால் போர்ட் கிள்ளான் பக்கம் நேராகப் போகும் கம்யூட்டர் ரயில் இருந்தது. வழியெல்லாம் அப்பா கதை சொல்லிக்கொண்டே வந்தார். நாங்கள் போகும் இடம் ஒரு காலத்தில் ஈயச் சுரங்கமாம். ஈயம் எடுத்து முடிந்த பள்ளத்தில்தான் 1993-இல் பூங்காவைத் திறந்தார்களாம். "தோண்டின குழியில இப்போ தண்ணியை விட்டுக் காசு பாக்குறான்" என்றார். எங்களுக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது.

அன்று பிள்ளைகள் மூன்று பேரும் சறுக்கினோம், மிதந்தோம், தொண்டை கட்டும்வரை கத்தினோம். அப்பா எங்களோடு தண்ணீரில். அம்மா? நூல் சேலையில், ஒரு பெஞ்சில், நாலு பைகளுக்கும் செருப்புகளுக்கும் ஈரத் துண்டுகளுக்கும் நடுவில். காலையிலிருந்து மாலைவரை. படம் எடுத்தபோதுகூட, "போய் நில்லுங்க, நான் பையைப் பாத்துக்குறேன்" என்றார். அந்த நாளில் எடுத்த ஒரு படத்திலும் அம்மா இல்லை.

சென்ற வருடம் என் மகள், அக்கா பிள்ளைகள், அம்மா என்று எல்லோரும் சேர்ந்து போகத் திட்டம் போட்டோம். பட்டியல் எழுதியது நான். யாருக்கு எந்த விளையாட்டு, யார் எத்தனை சென்டிமீட்டர் உயரம், யாருக்கு எந்த மாற்றுடை என்று எல்லாம் ஒழுங்காக இருந்தது. கடைசி வரியில் என் கையெழுத்திலேயே எழுதியிருந்தேன்: அம்மா – பை.

அன்று இரவு கேட்டேன். "அன்னிக்கு நாள் பூரா அங்க உக்காந்து என்னம்மா பண்ணினீங்க?"

"உங்க தலைங்களை எண்ணிக்கிட்டு இருந்தேன். தண்ணிக்குள்ள மூணு போகும். மூணும் வெளிய வரணும்."

"நீங்களும் இறங்கணும்னு தோணலையா?"

"யாரும் கேக்கலையே."

தீம் பார்க் என்ற யோசனையே தனக்கு ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் வந்தது என்று வால்ட் டிஸ்னி சொல்லியிருக்கிறார். லாஸ் ஏஞ்சலஸ் நகரின் கிரிஃபித் பூங்காவில் இரண்டு மகள்களும் ராட்டினத்தில் சுற்ற, அவர் பெஞ்சில் வேர்க்கடலை கொறித்துக்கொண்டு காத்திருப்பாராம். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டுமே என்று அப்போது தோன்றியிருக்கிறது. 1955-இல் கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறந்தது. பெஞ்சில் காத்திருந்தவரின் ஆசையில் பிறந்த இடத்துக்குப் போய், நாம் அம்மாக்களை மறுபடியும் பெஞ்சிலேயே உட்கார வைக்கிறோம்.

அதனால் இந்த முறை பட்டியலைக் கிழித்துவிட்டு, பையிலிருந்து ஆரம்பித்தோம். எங்களுக்குப் பயன்பட்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் பை. கொண்டுபோகும் சாமான்களைப் பாதியாகக் குறையுங்கள். உள்ளே ஒரு பெரிய லாக்கர் வாடகைக்கு எடுங்கள். இரண்டு மூன்று குடும்பமாகப் போனால் செலவைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். கைப்பேசிக்குத் தண்ணீர் புகாத உறை ஒன்று போதும். லாக்கர் வேண்டாம் என்றால் முறை வையுங்கள். ஆளுக்கு முக்கால் மணி நேரம். இதில் மாமாவுக்கும் முறை உண்டு, பதினாறு வயதுப் பையனுக்கும் உண்டு.

அடுத்தது உடை. அம்மாக்கள் பெஞ்சில் உட்கார இதுவும் பெரிய காரணம். நீர்ப் பூங்காக்களில் பொதுவாக நீச்சலுடைத் துணிதான் அணிய வேண்டும். ஜீன்ஸ், நூல் துணி, உலோகப் பொத்தான், ஜிப் வைத்த உடைகளுக்குச் சறுக்குகளில் இடமில்லை. சேலையிலோ நூல் சுடிதாரிலோ வந்தவர் கரையோடு நின்றுவிடுகிறார். "இந்த வயசுல நீச்சலுடையா?" என்று அம்மாவும் தயங்கினார். மஸ்ஜித் இந்தியா பக்கம் அழைத்துப்போய், முஸ்லிம் பெண்கள் அணியும் முழுநீள நீச்சலுடையைக் காட்டினேன். கை, கால் எல்லாம் மூடியிருக்கும். தடவிப் பார்த்தார். "இது பரவாயில்லை" என்றார். அவ்வளவுதான் பிரச்சினை. இருபத்தைந்து வருடம்!

பிள்ளைகளின் உயரத்தை வீட்டிலேயே கதவு நிலையில் அளந்து, எந்த விளையாட்டுக்கு எவ்வளவு உயரம் வேண்டும் என்று பூங்காவின் இணையப் பக்கத்தில் பார்த்துவிடுங்கள். அரை மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு, "நீ குட்டை" என்று கேட்டுத் திரும்பும் பிள்ளையைச் சமாதானப்படுத்துவது லேசான வேலை இல்லை. இரத்த அழுத்தம், இதய நோய், முதுகுவலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வேகமான விளையாட்டுகளைத் தவிர்க்க வேண்டும். அவர்களுக்கு ஏற்றது எது என்பதையும் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள்.

நாள் பார்ப்பது கல்யாணத்துக்கு மட்டும் இல்லை. பொது விடுமுறையும் பள்ளி விடுமுறையின் வார இறுதிகளும் வேண்டாம். ஜூன், டிசம்பர் மாதங்களில் சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கும் விடுமுறை என்பதை மறக்காதீர்கள். வேலைநாளில் ஒரு நாள் விடுப்பு எடுத்தால் வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம். அன்று பூங்கா திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, டிக்கெட்டை இணையத்திலேயே வாங்குங்கள். மலேசியர்களுக்கு விலை வேறு. மைகார்டும், பிள்ளைகளின் மைகிட்டும் கையில் இருக்கட்டும்.

செந்தூலில் இருந்து காரே வேண்டாம். கம்யூட்டரில் கே.எல். சென்ட்ரல் போய், போர்ட் கிள்ளான் ரயிலுக்கு மாறி, செத்தியா ஜெயாவில் இறங்குங்கள். அங்கிருந்து பி.ஆர்.டி. மின்சாரப் பேருந்து. 2015-இல் தொடங்கிய இந்தச் சேவைக்குச் சாலை நெரிசலே கிடையாது, தனி மேம்பாலத்தில் ஓடுகிறது. இரண்டாவது நிறுத்தமே சன்வே லகூன். எல்.ஆர்.டி.தான் வசதி என்றால் மஸ்ஜித் ஜாமெக்கில் கிளானா ஜெயா தடத்துக்கு மாறி, யு.எஸ்.ஜே. 7-இல் இறங்கினாலும் அதே பேருந்து கிடைக்கும். கம்யூட்டர் அடிக்கடி வராது. நேரம் பார்த்துக் கிளம்புங்கள்.

கதவு திறக்கும்போதே உள்ளே இருங்கள். முதல் ஒன்றரை மணி நேரம்தான் பொன்னான நேரம். கூட்டம் சேரும் பெரிய விளையாட்டுகளை அப்போதே முடித்துவிடுங்கள். நம் ஊர் மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான் இடியோடு வரும். மின்னல் வெட்டினால் எல்லோரையும் தண்ணீரில் இருந்து ஏற்றிவிடுவார்கள். அதனால் தண்ணீர் ஆட்டம் காலையில். சாப்பாட்டையும் பதினொன்றரைக்கே முடியுங்கள், வரிசை இருக்காது. வெளிச் சாப்பாட்டை உள்ளே விடுவது அரிது. நன்றாகப் பசியாறிவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது எப்படியும் கே.எல். சென்ட்ரலில்தான் மாற வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாடு காத்திருக்கிறது.

உள்ளே போனதும் எல்லோரும் சந்திக்க ஓர் இடத்தையும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள். சின்னப் பிள்ளையின் கையில் உங்கள் எண்ணை அழியாத மையில் எழுதிவிடுங்கள்.

நாங்கள் போன நாளில் அம்மா உடை மாற்றும் அறையிலிருந்து வர இருபது நிமிடம் ஆனது. "எப்படிடி இருக்கேன்?" என்றார். "ஒலிம்பிக்குக்குப் போறவங்க மாதிரி இருக்கீங்க" என்றேன். செயற்கை அலை அடிக்கும் மணல் கரையில் பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். முழங்கால் வரைதான் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். முதல் அலை இடுப்பில் மோதியதும் ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், அம்மாவுக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே எனக்குத் தெரியாது.

பத்து நிமிடம் கழித்துச் சட்டென்று திரும்பினார். "பை எங்கடி?"

"லாக்கர்ல."

"சாவி?"

"என்கிட்ட."

"ம்" என்றவர், மறுபடியும் அலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கரையில் நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இந்த விடுமுறைக்கு நீங்கள் பட்டியல் போடும்போது, யார் எதில் ஏறுவது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பையைப் பார்த்துக்கொள்பவரிடம் முதலில் போய், "நீங்களும் இறங்குறீங்களா?" என்று கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்று சொன்னால் இன்னொரு முறை கேளுங்கள்.

அடுத்த வாரம் பார்ப்போம்.