ஹோமம் செய்யலாம், மாத்திரையை நிறுத்தலாமா?

மும்பையில் இருந்து சென்னைக்குப் போகும் ரெயில், சோலாப்பூரைத் தாண்டியதும் 'அக்கல்கோட் ரோடு' என்ற நிலையத்தின் வழியாகச் செல்லும். அந்த அக்கல்கோட்டை அடுத்த சிவபுரியில் இருந்த கஜானன் மகராஜ் என்ற குருதான், 'அக்னிஹோத்திரம்' என்னும் சிறு ஹோமத்தை யாரும் தங்கள் வீட்டில் செய்யலாம் என்று பரப்பியவர்.

செலவு அதிகம் இல்லை. ஒரு செம்புப் பாத்திரம், பசுஞ்சாண வரட்டி, கொஞ்சம் நெய், இரண்டு சிட்டிகை பச்சரிசி. சூரியன் உதிக்கும்போது ஒரு முறை, மறையும்போது ஒரு முறை. சிறிய மந்திரம். ஷிப்டு வேலைக்குப் போகிறவருக்கு அந்த நேரம் வாய்ப்பதுதான் கஷ்டம்!

இதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊரையும் உறவையும் விட்டு வந்து, ஓர் அறையில் ஆறு பேரோடு தங்கியிருப்பவருக்குத் தீயின் முன் சிறிது நேரம் உட்காருவது ஆறுதல்தான். குருவின் சொல் ஒரு துணைதான்.

'இந்த ஹோமம் நோயைத் தீர்க்கும்' என்று சொல்லும்போதுதான் வம்பு வருகிறது. 1984-ம் ஆண்டு டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டபோது, அக்னிஹோத்திரம் செய்தவர்கள் வீடு தப்பியது என்று ஒரு பேச்சு கிளம்பியது. இன்றும் அதைச் சொல்கிறார்கள். காற்று அடித்த திசையில் இல்லாத வீடுகளும் அன்று தப்பின. அங்கெல்லாம் ஹோமமா நடந்தது?

தாராவி போன்ற நெருக்கடியான இடங்களில் காச நோய் எளிதில் தொற்றும். அதற்கு அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம். சாதாரண காச நோய்க்கு 6 மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். ஆனால் ஒன்றிரண்டு மாதத்திலேயே இருமல் குறைந்து, உடம்பு தேறிவிடும். அந்த நேரம் பார்த்து ஒருவர் ஹோமத்தில் உட்கார்ந்தால் என்ன நினைப்பார்? ஹோமம்தான் குணமாக்கியது என்று நினைப்பார். மாத்திரையை நிறுத்துவார். மிச்சம் இருக்கும் கிருமி, அந்த மருந்துக்கு அடங்காத கிருமியாகி மீண்டும் கிளம்பும். பக்கத்தில் படுப்பவருக்கும் பரவும். போதாக்குறைக்கு, ஜன்னல் இல்லாத அறையில் வரட்டிப் புகை! பழுதான நுரையீரலுக்கு அது நல்லதா?

'விசேஷ ஹோமம்' என்று ஆயிரக்கணக்கில் கேட்கும் குருஜிகளும் உண்டு. வட்டிக்கு வாங்கிக் கொடுக்கும் அப்பாவிகளும் உண்டு. குருவைத் தெய்வமாகப் போற்றிய திருமூலரே, போலிக் குருவை நம்புகிறவர்கள் குருவோடு சேர்ந்து குழியில் விழுவார்கள் என்று எச்சரித்திருக்கிறார். 'சாமி, மாத்திரையும் சாப்பிடுகிறேன்' என்று சொல்லிப் பார்க்க வேண்டும். 'வேண்டாம்' என்பவரிடம் மறுபடி போகக் கூடாது.

மாத்திரையைப் பாதியில் விட்டவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. பழைய சிகிச்சை அட்டையுடன் அதே ஆஸ்பத்திரிக்குப் போய், நடந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். சளியைச் சோதித்து, எந்த மருந்து கேட்கும் என்று பார்த்துக் கொடுப்பார்கள். அதற்கும் காசு கிடையாது.