சூரை மீனும் தூய உணவும்

திருவொற்றியூர்க் குப்பத்தில் சூரை மீனுக்கென்றே துறைமுகம் அமைந்துவிட்ட காலம் இது. அருகிலுள்ள விம்கோ நகரில் மீன் வாங்கும் நம் சகோதரிகள் விலையைக் கேட்கிறார்கள். எவ்வாறு பிடிபட்டது என்று கேட்பவர் அரிது.

வலையில் சிக்கிய சூரை, வலையை இழுக்கும்வரை மணிக்கணக்கில் உயிரற்றுக் கிடப்பதுண்டு. தூண்டில்காரரின் வழி வேறு. மினுங்கும் ஈயத் தூண்டிலாகிய ‘ஜிக்’கை ஆழத்தில் இறக்கி, வெட்டி வெட்டி இழுப்பார், அடிபட்ட சிறுமீன் என்றெண்ணிச் சூரை கவ்வும். முஸ்லிம்கள் வாழும் லட்சத்தீவின் மினிக்காயில், உயிருள்ள சிறுமீன்களைக் கடலில் தூவிச் சூரைக் கூட்டத்தை வரவழைத்து, இரை கோக்காத, எதிர்முள் இல்லாத தூண்டிலால் ஒவ்வொன்றாகத் தூக்குவர். அச்சூரையை வேகவைத்து, புகையூட்டி, வெயிலில் உலர்த்தினால் அதுவே நாம் அறிந்த மாசி.

உயிருடன் வந்த மீனை உடனே ஐஸ் கட்டியில் இடலாம். வெப்பத்தில் கிடந்த சூரையிலோ ஹிஸ்டமின் என்னும் நச்சுப்பொருள் பெருகும். உண்டவருக்கு முகம் சிவக்கும்; தலை வலிக்கும்; உடல் அரிக்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது.

கடல் மீன் ஹலால் என்பதில் ஐயமில்லை. ஆயினும் திருமறை (2:168) ஹலாலுடன் ‘தய்யிப்’ என்னும் தூய்மையையும் சேர்த்தே கூறுகிறது. ஆகவே விசாரித்து வாங்குங்கள். வாங்கியதைத் தாமதமின்றிக் குளிர்ச்சியில் வையுங்கள். விற்பவரும் குறையை மறைக்காதிருக்கட்டும். வல்ல நாயன் நம் உணவைத் தூயதாக்கி அருள்வானாக! ஆமீன்.