இ-ஸ்கூட்டர் வாங்கியாச்சு... பெட்ரோலியத்தை விட்டாச்சா?

"இனிமே பெட்ரோல் பங்க் பக்கமே போக வேண்டாம்!" இ-ஸ்கூட்டர் வாங்கும் பலரும் நிம்மதியாகச் சொல்லும் வார்த்தை இது. ஆனால் அவர் காலையில் பல் தேய்க்கும் பிரஷ், வாங்கும் பால் பாக்கெட், போடும் பாலியஸ்டர் டி-ஷர்ட், தலைவலிக்குப் போடும் பாராசிட்டமால், ஏன், அந்த ஸ்கூட்டரின் சீட்கூட கச்சா எண்ணெய் அல்லது இயற்கை எரிவாயுவில் இருந்து வரும் ரசாயனங்களால் ஆனவைதான். இவற்றுக்குப் பெயர்தான் பெட்ரோகெமிக்கல்.

எப்படித் தயாராகிறது?

கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது பெட்ரோல், டீசலோடு நாப்தா என்ற திரவமும் கிடைக்கும். அதை நீராவியுடன் சேர்த்து 800 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால், மூலக்கூறுகள் உடைந்து எத்திலீன், புரொப்பிலீன் எல்லாம் வரும். எத்திலீன்தான் பால் பாக்கெட்டாகிறது. புரொப்பிலீன், ஹோட்டல் பார்சல் டப்பாவாகிறது. பாராசைலீன் என்ற இன்னொரு ரசாயனம்தான் தண்ணீர் பாட்டிலுக்கும் பாலியஸ்டர் துணிக்கும் முக்கிய மூலப்பொருள்.

இதில் என்ன பிரச்னை?

வண்டிகள் மின்சாரத்துக்கு மாறினாலும் எண்ணெய் நிறுவனங்களுக்கு இன்னொரு வாசல் திறந்தே இருக்கிறது. 2050 வரை உலகின் எண்ணெய்த் தேவையில் வரும் கூடுதல் வளர்ச்சியில் கிட்டத்தட்ட பாதி பெட்ரோகெமிக்கலால்தான் இருக்கும் என்று 2018-லேயே கணித்தது சர்வதேச எரிசக்தி முகமை. இன்னொரு பக்கம், உலகில் சேரும் பிளாஸ்டிக் கழிவில் மறுசுழற்சியாவது சுமார் 9 சதவீதம்தான் என்கிறது ஓ.இ.சி.டி. அமைப்பு.

இதற்குத் தீர்வு காணத்தான் 2022-ல் நைரோபியில் ஐ.நா. பிளாஸ்டிக் ஒப்பந்த முயற்சி தொடங்கியது. 2024-ல் பூசான், 2025 ஆகஸ்டில் ஜெனீவா என இரண்டு இடத்திலும் பேச்சு முறிந்தது. உற்பத்திக்கே வரம்பு வேண்டும் என்றன நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள். கழிவை மட்டும் பேசலாம் என்றன சவுதி, ரஷ்யா போன்ற எண்ணெய் நாடுகள். வளர்ச்சி பாதிக்கும் என்று இந்தியாவும் உற்பத்தி வரம்பை ஏற்கவில்லை.

இந்தியாவின் கவலையில் நியாயம் உண்டு. ஊசி, ரத்தப் பை, சலைன் பாட்டில் இல்லாமல் ஆஸ்பத்திரி நடக்காது. ஆனால் ரத்தப் பையும் பத்து நிமிடத்தில் குப்பைக்குப் போகும் சாம்பார் பாக்கெட்டும் ஒன்றா? உயிர் காக்கும் தேவையைக் காட்டி, தூக்கியெறியும் பொருளையும் காப்பாற்றுவது சரியல்ல. இரண்டையும் பிரித்து, பின்னதற்கு மட்டுமாவது உற்பத்தி வரம்பை இந்தியா ஏற்கலாம்.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019-ல் தடை வந்தது. பிறகு மஞ்சப்பையும் திரும்பி வந்தது. கடைக்குப் பை எடுத்துப்போவது நல்ல பழக்கம்தான். ஆனால் ஆலையில் எத்தனை டன் தயாராக வேண்டும் என்பதை மஞ்சப்பை தூக்குகிறவர் முடிவு செய்வதில்லை. அதை முடிவு செய்கிறவர்கள் அடுத்த பேச்சுவார்த்தை மேஜையில் பதில் சொல்லியாக வேண்டும்.