எத்தனை ஏபி?

அமெரிக்காவில் குடியேறிய நம்மூர்க்காரர் வீட்டு விசேஷங்களில் இந்தக் கேள்வி தப்பாது: “உங்க பொண்ணு எத்தனை ஏபி எடுத்திருக்கா?” ஏபி என்றால் அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட். பள்ளியில் இருக்கும்போதே கல்லூரித் தரத்துப் பாடம் படித்து, மே மாதம் தேர்வு எழுத வேண்டும். மதிப்பெண் 1 முதல் 5 வரை. 3 வாங்கினாலே பல கல்லூரிகள் கிரெடிட் தரும். சில 4, 5 கேட்கும். போதுமான கிரெடிட் சேர்ந்தால் கல்லூரியில் ஒரு பருவத்தின் கட்டணமே மிச்சமாகும். நல்ல விஷயம்தான். அதற்கடுத்து வரும் வசனம்தான் நமக்கு ரொம்பப் பழக்கமானது: “இங்க கோட்டா எல்லாம் கிடையாதுங்க, எல்லாமே மெரிட்.”

அப்படியா? பள்ளியில் அந்த வகுப்பே இல்லாவிட்டால் பிள்ளை எந்த மெரிட்டைக் காட்டும்? 1999இல் கலிபோர்னியா மாநிலத்தின் மீதே இதற்காக வழக்குப் போட்டார்கள். கறுப்பின, லத்தீன் பிள்ளைகள் படிக்கும் இங்கிள்வுட் உயர்நிலைப் பள்ளியில் ஏபி வகுப்புகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தன. கொஞ்ச தூரத்தில் இருக்கும் பெவர்லி ஹில்ஸ் பள்ளியில் வரிசையாக இருந்தன. கலிபோர்னியா பல்கலைக்கழகமோ ஏபி வகுப்பில் ‘ஏ’ வாங்கினால் 4க்குப் பதில் 5 புள்ளி தருகிறது. அதாவது இங்கிள்வுட் பிள்ளை எல்லாப் பாடத்திலும் ‘ஏ’ வாங்கினாலும் பின்தங்கியே நிற்க வேண்டும். இதற்குப் பெயர் தகுதியாம்.

சரி, வகுப்பு கிடைத்து ஜெயித்தும் காட்டினால்? 1982, கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ், கார்ஃபீல்டு பள்ளி. பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளி ஏழைப் பிள்ளைகள். பொலிவியாவிலிருந்து வந்த ஹைமே எஸ்கலான்டே அவர்களுக்குக் கால்குலஸ் நடத்தினார். 18 பேர் ஏபி எழுதினார்கள், 18 பேரும் தேறினார்கள். உடனே தேர்வு நடத்திய நிறுவனத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. 14 பேரின் விடைகள் ஒரே மாதிரி இருக்கின்றன, காப்பி அடித்திருப்பார்கள் என்றது. விடைத்தாளில் ஒற்றுமையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. ஒரே வாத்தியாரிடம் படித்த பிள்ளைகள் ஒரே மாதிரி எழுதியிருக்க மாட்டார்களா என்று முதலில் ஏன் தோன்றவில்லை என்பதுதான் என் கேள்வி. 12 பேர் மறுபடி உட்கார்ந்து எழுதினார்கள். 12 பேரும் மறுபடி தேறினார்கள்.

சேரிப் பிள்ளை முதல் மதிப்பெண் வாங்கினால் “யாரைப் பார்த்து எழுதினே?” என்று கேட்கும் வாத்தியாரைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கதையை விளக்கத் தேவையில்லை.

அதற்கப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1987இல் அதே பள்ளியில் 85 பேர் ஏபி கால்குலஸ் தேறினார்கள். பிள்ளைகளின் மூளை ஐந்தே வருடத்தில் மாறிவிடவில்லை. கோடை விடுமுறையிலும் வகுப்பு நடந்தது, அடிப்படை அல்ஜீப்ராவிலிருந்தே ஏணி கட்டினார்கள். 1991இல் எஸ்கலான்டே போனார், எண்ணிக்கையும் சரிந்தது. ஏணியை எடுத்தால் ஏறுகிறவர்களும் குறையத்தானே செய்வார்கள்?

இன்னொரு வேடிக்கை. 2018இல் வாஷிங்டன் வட்டாரத்தின் எட்டுப் பிரபலமான தனியார் பள்ளிகள், ஏபி இனி எங்களுக்குத் தேவையில்லை, அதைவிட ஆழமாக நாங்களே பாடம் வகுத்துக்கொள்கிறோம் என்று அறிவித்தன. ஏபியில் ஏழைப் பிள்ளைகள் பெருகிவரும் காலத்தில்தான் மேட்டுக்குடிக்கு அது சலித்துப்போகிறது. ஆங்கிலவழிப் பள்ளி நம் தெருவுக்கும் வந்தபோது அவர்கள் இன்டர்நேஷனல் பள்ளிக்குப் போனார்களே, அதே கதை.

அடுத்த விசேஷத்தில் யாராவது “எங்க பையன் பதினொண்ணு” என்று பெருமை பேசினால், அவன் பள்ளியில் மொத்தம் எத்தனை ஏபி இருக்கிறது, ட்யூஷனுக்கு எவ்வளவு ஆனது, தேர்வுக்குத் தலா கிட்டத்தட்ட 100 டாலர் கட்டியது யார் என்று கேளுங்கள். பையனைக் குறைசொல்லாதீர்கள், அவன் படித்தான். அப்பாவிடம் கேளுங்கள்.