பெயருக்கு நடுவே ஒரு சாய்கோடு

பீடோர்ப் பட்டணத்தின் பெரிய சாலையை ஒட்டிய கடைவரிசையில் ஒரு போட்டோஸ்டாட் கடை. வெளியே மழை. உள்ளே, மைலோ டின் ஒன்றை மடியில் வைத்தபடி ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். டின்னுக்குள் எட்டாக மடித்த அவருடைய சூராட் பெராணாக், அதாவது பிறப்புப் பத்திரம். மடிப்புகளில் தாள் நைந்து, வெளிச்சத்தில் பிடித்தால் ஜன்னல் கம்பிபோலத் தெரிந்தது. உதவித்தொகை ஒன்றுக்கு மனுப்போட அன்று இரவோடு கெடு முடிகிறது. கடைப்பெண் தாளை வருடிப் படமாக்கிவிட்டாள். அதைப் பதிவேற்றத்தான் முடியவில்லை. கோப்புக்குப் பாட்டியின் பெயரையே வைக்கப் பார்த்தாள். அந்தப் பெயரில் இருக்கக்கூடாத குறி ஒன்று இருப்பதாகக் கணினி அடம்பிடித்தது. "அந்தக் கோட்ட எடுத்தாத்தான் பாட்டி உள்ள போவும்" என்றாள் அவள். "கோட்டுக்கு அந்தாண்ட இருக்கிறது எங்கப்பா பேரும்மா" என்றார் பாட்டி.

மலேசியாவில் நம் பெயருக்கும் தகப்பன் பெயருக்கும் நடுவே ஒரு சாய்கோடு நிற்கிறது. ஆணுக்கு ஏ/எல், பெண்ணுக்கு ஏ/பி. வெள்ளைக்காரன் காலத்தில் எஸ்/ஓ, டி/ஓ என்று எழுதிய வழக்கம் மலாய்மொழிக்கு மாறியபோது எழுத்துகள் மாறின, கோடு மாறவில்லை. ஊரில் இருந்தவரை நம் முன்னோர் பெயர்களில் இப்படியொரு கோடு கிடையாது. அது குமாஸ்தாவின் பேனாவிலிருந்து வந்தது. கணினியுலகிலோ அதே சாய்கோட்டுக்கு வேறு உத்தியோகம். 1969இல் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் உருவாகத் தொடங்கிய காலம்தொட்டு, ஓர் அடுக்கின் பெயரையும் அதற்குள் இருக்கும் கோப்பின் பெயரையும் பிரிக்கிற வேலி அது. ஆகவே ஒரு கோப்பின் பெயருக்குள் அது வரக்கூடாது. நம்மை எழுதிய குமாஸ்தாவும் கணினியை எழுதிய பொறியாளரும் ஒருவரையொருவர் அறியமாட்டார்கள். இருவரின் கோடுகளும் பீடோர்க் கடையொன்றில், ஒரு கிழவியின் பெயரில் வந்து முட்டிக்கொண்டன.

'பதிவேற்றம்' என்ற சொல்லை உருவாக்கியவர் எவரோ, தெரிந்தோ தெரியாமலோ அதில் இரண்டு சொல்லின் ஒலியைக் கேட்கவைத்துவிட்டார். ஏற்றுவது ஒன்று, ஏற்பது மற்றொன்று. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் நம்மவர்களைக் கப்பலேற்றினார்கள். பால்மரக் காட்டில் சேர்ந்த பாலை லாரியில் ஏற்றினார்கள். இப்போது தாளைப் படமாக்கி ஏற்றுகிறோம். ஏற்றுவது என்றைக்கும் நம் பக்கத்து வேலையாக இருந்திருக்கிறது. ஏற்பது மறுகரையில், முகம் தெரியாத ஒருவர் கையில் இருந்திருக்கிறது.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். 1910இல் மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே வேரூன்றியிருந்த கங்காணி முறை அதன் பிறகு முழு வீச்சோடு ஆளெடுத்தது. உரிமச் சீட்டோடு ஊருக்குப் போன கங்காணி, தெரிந்த தெருக்களிலிருந்தே ஆள் திரட்டி வந்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு. கப்பல் பினாங்கை நெருங்கியதும் நேரே கரையில் இறங்கிவிட முடியாது. ஜெரெஜாக் தீவில் தடுப்பு முகாம் இருந்தது. அங்கே இறக்கி, நோய் உண்டா என்று பார்த்து, நாள் கணக்கில் வைத்திருந்துதான் தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். இன்றைய வலைச்செயலி ஒரு கோப்பை வாங்கிக்கொள்ளும் விதத்தை முதன்முதலாகக் கேட்டபோது எனக்கு ஜெரெஜாக்தான் நினைவுக்கு வந்தது. வந்த கோப்பு உடனே பெட்டகத்துக்குப் போவதில்லை. முதலில் ஒரு தற்காலிகக் கிடங்கில் இறங்குகிறது. அளவு கூடிவிட்டதா, சொன்ன வகைதானா என்று அங்கே சோதனை நடக்கிறது. 'நான் படம்' என்று கோப்பு சொல்லிக்கொள்வதை நம்பாமல், அதன் முதல் சில பைட்டுகளைத் திறந்து பார்ப்பதுதான் விவரமறிந்த வழங்கியின் வழக்கம். தேறினால் நிரந்தர இடத்துக்கு மாற்றப்படும். இல்லையேல் சத்தமில்லாமல் அழிக்கப்படும்.

வந்திறங்கியவர்களுக்குத் தோட்டத்தில் நாள் பெரட்டோடு விடிந்தது. இருட்டு பிரியுமுன் வரிசையில் நின்று பெயர் கொடுக்க வேண்டும். தோட்டக் குமாஸ்தாவான கிராணி, செக்ரோல் என்ற வருகைப் பேரேட்டில் குறித்தால்தான் அன்றைக்கு நீ இருக்கிறாய். வெட்டி முடித்து, மங்கு மங்காகப் பால் சேர்த்து, காண்டாக் கம்பில் இரண்டு வாளிகளைத் தோளேற்றி நிறுவைக் கொட்டகைக்கு வருவார்கள். அங்கே வாளி நிறுக்கப்படும். பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்பதை மெட்ரோலாக் கருவி சொல்லும். மழை கலந்த பால் கணக்கில் குறைந்துபோகும்; தாமதமான பால் வழியிலேயே உறைந்துபோகும். கிராணி எழுதிய எண்ணை, சுமந்து வந்தவள் பெரும்பாலும் படிக்க முடியாது. கைநாட்டு வைத்துவிட்டு நடப்பாள்.

கிராணிகள் பெயர் எழுதிய அழகைத் தனியாகச் சொல்ல வேண்டும். காதில் விழுந்ததை ரோமன் எழுத்தில் எழுதினார்கள். லெட்சுமி ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொருவிதமாகப் பிறந்தாள். தகப்பனின் ஆறுமுகம் பிறப்புப் பத்திரத்தில் ஒரு மாதிரி, அடையாள அட்டையான ஐசியில் வேறு மாதிரி. ஒரு எழுத்து தப்பினால் இரண்டு தலைமுறைக்கு அலைச்சல். குடியுரிமை இல்லாமல் சிவப்பு ஐசியோடு கிழடுதட்டிப்போனவர்களின் கதைகளைக் கிளறினால், பல நேரம் அடியில் கிடப்பது ஒரு தாள்: பதியப்படாதது, அல்லது தப்பாகப் பதியப்பட்டது, அல்லது தோட்டம் கைமாறிய நாளில் காணாமல் போனது.

பதிவு என்பதே நம்மீது ஒரே சீராக விழுந்ததில்லை. ஜப்பானியர் காலத்தில் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயிலுக்குப் பிடித்துச்செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர்களுக்குப் பெயர்ப்பட்டியல் இல்லை. காஞ்சனபுரியில் வெள்ளைப் போர்க்கைதிகளின் கல்லறைகள் பெயர் பொறித்து வரிசையாக நிற்கின்றன. நம்மவர்கள் கிடக்கும் மண்ணில் ஆளுக்கொரு பெயர் பொறித்த கல் இல்லை. அடுத்த சில வருடங்களில் அதே மக்கள்மேல் பதிவு பெருமழையாகக் கொட்டியது. 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைத் துரைமார் கொல்லப்பட, அவசரகாலம் பிறந்தது. பன்னிரண்டு வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டை கட்டாயமாயிற்று. காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் அந்த அட்டைகளைப் பிடுங்கிக் கிழித்தார்கள், படமெடுத்தவர்களைச் சுட்டார்கள். சின்னத் தாளட்டை ஒன்றின் கனம் இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது.

இந்தப் பட்டணத்துக்குக் கிழக்கே எழும் மலைகளுக்குள்ளும் ஓர் அனுப்புதலின் கதை இருக்கிறது. 1943 கடைசியில், இலங்கையிலிருந்து நீர்மூழ்கியில் வந்திறங்கிய பிரிட்டிஷ் இரகசியப் படையின் ஜான் டேவிஸ், லிம் போ செங் முதலானோர் பீடோர் மலையிலிருந்த பிளாந்தான் முகாமில் ஜப்பானிய எதிர்ப்புப் படையோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். ஆயுதமும் பணமும் மருந்தும் இலங்கையிலிருந்து வரவேண்டும். அதற்கு முதலில் செய்தி அங்கே போய்ச் சேரவேண்டும். வானொலிக் கருவியோ மலையேற்ற முடியாத கனம். அதை ஓட்ட மின்சாரத்துக்கும் திண்டாட்டம். 1944 ஜூனில் லிம் போ செங் பத்து காஜா சிறையில் உயிர்விட்டார். இலங்கையோடு வானொலித் தொடர்பு கிடைத்தது 1945 தொடக்கத்தில்தான். ஒரு வருடத்துக்கும் மேல் இந்த மலையிலிருந்து வானொலியில் ஒரு செய்தியும் போகவில்லை. பதிவேற்றம் பாதி வழியில் சுற்றிக்கொண்டு நிற்கும்போது நாம் விடும் பெருமூச்சை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

தூரத்துக் கணினிக்குக் கோப்பு அனுப்பும் வழியை முதன்முதலில் வகுத்து எழுதியவர் நம் கண்டத்துக்காரர். அலகாபாத்தில் பிறந்து, கான்பூர் ஐஐடியின் முதல் அணியில் படித்து, அமெரிக்காவின் எம்ஐடிக்குப் போன அபய் பூஷண், 1971 ஏப்ரலில் எஃப்டிபி என்ற நெறிமுறையை எழுதினார். அது விவரம் தெரிந்தவர்களின் கருவியாகவே நெடுநாள் இருந்தது. சாதாரணப் படிவம் ஒன்றில், பெயர் நிரப்பும் கட்டத்துக்குப் பக்கத்திலேயே கோப்பை இணைக்கும் வழியை 1995 நவம்பரில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் நெபெல், மாசின்டர் இருவரும் முன்வைத்தார்கள். நகலெடுக்கும் கடைக்கே 'ஜெராக்ஸ் கடை' என்று தமிழ்நாட்டில் பெயர். அந்தக் கடையில் உட்கார்ந்து கோப்பு அனுப்பும் முறையும் அந்த வீட்டிலிருந்தே வந்தது. உலாவி ஒரு எல்லைக்கோட்டைத் தானே புனைந்துகொள்கிறது, அனுப்பும் சரக்கில் எங்குமே வராத எழுத்துக்கோவையாக. ஒவ்வொரு பகுதிக்கும் நடுவே அதை நட்டு, எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி விடுகிறது. மூட்டை வழியில் சிறுசிறு பொட்டலங்களாகப் பிரிந்து போகிறது. ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் உண்டு. 'வந்தது' என்று மறுகரை சொல்லாவிட்டால் அதே பொட்டலம் மறுபடியும் அனுப்பப்படும். இத்தனை பொறுமையான கிராணி நம் தோட்டங்களில் இருந்ததில்லை.

பொறுமை சரி, தாராளம்? ரோமன் எழுத்தில் 5 பைட்டுகளில் அடங்கிவிடும் பீடோர், தமிழில் எழுதினால் 18 பைட்டு. இன்று எந்த ஒழுங்கான வழங்கிக்கும் அது சுமையே இல்லை. ஆனாலும் தமிழில் பெயரிட்ட கோப்பு மறுபக்கத்தில் விழுக்காட்டுக் குறிகளும் எண்களுமாகச் சிதைந்து நிற்பதைப் பார்க்காதவர் நம்மில் குறைவு. முன்பு லெட்சுமிக்கு நடந்தது அதுதான், கை மட்டும் வேறு. சாய்கோட்டையும் தமிழெழுத்தையும் உட்கொள்ளும்படி படிவம் எழுதுவது ஒரு நிரலருக்கு ஒரு நாள் வேலைகூட இல்லை. அதை ஒருவர் யோசித்தால் போதும். யோசிக்க, இப்படியொரு பெயர் நாட்டில் உண்டு என்ற நினைப்பு வேண்டும்.

ஒன்றில் மட்டும் காலம் நமக்கு இரங்கியிருக்கிறது. அன்று ஒப்படைத்த தாள் போனது போனதுதான். அலுவலக அலமாரியில் கரையான் தின்றால் ஆள் பிறக்கவே இல்லை என்று ஆகிவிடும். பதிவேற்றத்தில் அங்கே போவது நகல், மூலம் நம் மடியிலேயே இருக்கும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் இடிந்து, செக்ரோல் புத்தகங்கள் எரிக்கப்பட்டோ எடைக்குப் போடப்பட்டோ போன பிறகு, பல குடும்பங்களுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே ஆவணக் காப்பகம் அடுப்படிப் பரணில் இருக்கும் டின்தான். ஐம்பதாண்டுக்கு முந்தைய கல்யாண அழைப்பிதழ், தோட்டப் பள்ளியின் படம், ரஜூலா கப்பலின் பயணச்சீட்டு என்று என்னென்னவோ அதில் கிடக்கும். உதவித்தொகைக்காகத் திறக்கும் அந்த டின்னை வேறெதற்காகவும் திறந்து படமெடுத்து வைப்பவர்கள் நம்மில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

கடைப்பெண் கோப்பின் பெயரிலிருந்து சாய்கோட்டை எடுத்தாள். படிவத்திலும் அது ஏறவில்லை, அங்கேயும் எடுத்தாள். பச்சைப் பட்டை மெல்ல நகர்ந்து முழுசானது. திரையில் ஓர் எண் வந்தது. "அவ்வளவுதான் பாட்டி, போயிடுச்சு" என்றாள். பாட்டிக்குத் திருப்தியில்லை. போனதற்குச் சீட்டு வேண்டும் என்றார். திரையில் இருப்பதே சீட்டு என்று அவள் சொல்லிப் பார்த்தாள். பிறகு ஐம்பது காசுக்கு அச்செடுத்துக் கொடுத்தாள். பாட்டி அதைக் கண்ணுக்கு அருகே பிடித்து, எழுத்துமேல் விரல் ஓட்டினார். கோடு இல்லாமல் அவர் பெயரும் அவருடைய அப்பாவின் பெயரும் ஒட்டி, ஒரே ஆளின் நீண்ட பெயராகக் கிடந்தன. எட்டாக மடித்து டின்னுக்குள் வைத்து, மூடியை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.