பிள்ளைகள் வந்த பின்பா பாடசாலை?

நானாட்டான், முருங்கன், முசலிப் பக்கம் போகிறவர்கள் பாடசாலைப் பெயர்ப்பலகைகளைக் கவனித்திருப்பீர்கள். பலவற்றில் 'றோ.க.த.க. பாடசாலை' என்றிருக்கும். றோமன் கத்தோலிக்க தமிழ்க் கலவன் பாடசாலை என்பதன் சுருக்கம் அது. 1960ஆம், 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரசாங்கம் இவற்றைப் பொறுப்பேற்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் பெயர் அழியவில்லை. அந்நாளில் கத்தோலிக்கப் பெற்றோர் பலர் பாடசாலைகளுக்குள்ளேயே குடியிருந்து எதிர்ப்புக் காட்டினார்கள். அந்த வழக்கை மீண்டும் கிளறுவது எமது நோக்கமன்று. அவை தொடங்கிய விதத்தையே நினைவூட்ட விரும்புகிறோம்.

ஒல்லாந்தர் 1658இல் மன்னாரைப் பிடித்தபின் கோவில்களைப் பள்ளிக்கூடமாக்கி, பிள்ளையை அனுப்பாத பெற்றோரிடம் குற்றப்பணம் அறவிட்டார்கள். கிராமம் தானாக விரும்பிய பாடசாலை பிற்காலத்தது. 1847இல் அமலமரித் தியாகிகள் இலங்கைக்கு வந்தார்கள். 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் ஏற்பட்டு, சமயச் சபைகளின் பாடசாலைகளுக்கும் நன்கொடை கிடைக்கத் தொடங்கியது. கிராமந்தோறும் ஓரறைப் பாடசாலைகள் எழுந்தன.

கிடுகுக் கூரை, அரைச் சுவர், ஒரு கரும்பலகை, ஒரு வாத்தியார். அரிவரி முதல் ஐந்தாம் வகுப்பு வரை அவரே. அரிவரிப் பிள்ளை மணலில் விரலால் எழுத, பெரிய பிள்ளை பார்த்துத் திருத்தும். அரிவி வெட்டுக் காலத்தில் இடாப்பு மெலிந்துவிடும். வித்தியாதரிசி வருகிறார் என்றால் மட்டும் வாத்தியார் வயலுக்கே ஆள் அனுப்புவார். பெறுபேற்றைப் பார்த்தல்லவா நன்கொடை! எல்லாப் பிள்ளைகளுக்கும் வாங்கில் சமமான இடம் கிடைத்தது என்று நாம் சொல்லமாட்டோம். ஆனாலும் வயலுக்கும் வீட்டுக்கும் நடுவில், நடந்துபோகும் தூரத்தில் அது இருந்தது.

1990இல் ஊர்கள் குலைந்தன. சிலர் மண்டபம் முகாமுக்கு வள்ளமேறினார்கள், சிலர் மடுவுக்குப் போனார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் முஸ்லிம் சகோதரர்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் பக்கம் சென்றார்கள். 2007இல் முள்ளிக்குளம் உட்பட முசலிக் கிராமங்கள் வெறுமையாயின. ஆனால் வகுப்பு நிற்கவில்லை. மரத்தடியிலும் தறப்பாளின் கீழும் பிள்ளைகள் படித்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

இன்று மீள்குடியேற்றத்தின்போது நடப்பது வேறு. பிள்ளைத் தொகை போதாது, ஆகவே பாடசாலை திறக்க முடியாது என்கிறார்கள். பாடசாலை இல்லாததால் தாய் பிள்ளைகளுடன் பட்டினத்தில் வாடகை வீட்டில் இருக்கிறாள். தகப்பன் மட்டும் வயற்கொட்டிலில் படுத்து, ஞாயிறுதோறும் வந்துபோகிறார். இப்படி எத்தனை குடும்பங்கள்! சில இடங்களில் நாமும் கோவிலைத்தான் முதலில் திருத்தினோம். பாடசாலையைப் பற்றிப் பிறகே யோசித்தோம். அது எமது பிழை.

சிறிய பாடசாலையில் தரம் குறைவு, பிள்ளைகளை வாகனத்தில் பெரிய பாடசாலைக்கு ஏற்றிச் செல்லலாம் என்று அதிகாரிகள் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. ஆங்கிலத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் கிடைப்பது கடினந்தான். ஆனால் மாரியில் அருவியாறு பெருகினால் வாகனம் எங்கே போவது? ஆறு வயதுப் பிள்ளைக்கு விஞ்ஞான ஆசிரியர் அவசரமுமில்லை. கொலம்பியா நாட்டில் 1970களின் நடுவில் 'புதிய பாடசாலை' என்றொரு முறை தொடங்கினார்கள். ஓரிரு ஆசிரியர்கள் பல வகுப்புகளை ஒன்றாக நடத்துவார்கள். பிள்ளைகள் பாடக் கையேட்டைக் கொண்டு தாமே படிப்பார்கள். அறுவடைக்குப் போன பிள்ளை திரும்பிவந்து விட்ட இடத்திலிருந்து தொடரும். எங்கள் பழைய வாத்தியார் கையேடின்றிச் செய்ததும் ஏறக்குறைய இதுவே.

ஆகவே ஐந்தாம் வகுப்பு வரையாவது, குடும்பங்கள் வருமுன்பே பாடசாலை திறக்கப்படவேண்டும். இரண்டு ஆசிரியர் போதும், அவர்கள் தங்க ஒரு வீடும் வேண்டும்.

பெரும்போகத்துக்கு முன் கமக்காரர் அமைப்புக் கூட்டம் கூடும்போது, யாருக்கு எத்தனை ஏக்கர் என்று எழுதுவீர்கள். அதே தாளில், ஊர் திரும்ப விரும்பும் குடும்பங்களின் பிள்ளைகளையும் வயதுடன் எழுதுங்கள். பட்டினத்தில் இருக்கும் பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். ஒரு பிரதியைப் பங்குமனையில் தாருங்கள். வலயக் கல்வி அலுவலகத்துக்கு நாமும் உங்களுடன் வருவோம்.